படித்தேன், ஏற்கிறேன்

அந்த வெள்ளிக்கிழமையும் காலை ஆறு பத்துக்கு எங்கள் இருவரின் நாடிக்காப்புகளும் அதிர்ந்தன. மிருதுளா காபியைக் கீழே வைத்துவிட்டு சோபாவின் இடது ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கையக் குடுங்க. நாம யாருன்னு கேட்டுட்டு வந்துரலாம்."

இருபத்தாறு வருடமாக அதே கேலி.

சாவியும் கையெழுத்தும் ஒழிந்த பிறகு எல்லாவற்றுக்கும் நாடிக்காப்புதான். மணிக்கட்டில் இருந்தபடி இதயத்தின் மின் அலையைப் படிக்கும். ஒருவர் அலைபோல் இன்னொருவருடையது இருக்காது. காலையில் இரண்டு நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால், இவர் இன்னார் என்று ஒப்புக்கொள்ளும். கழற்றாதவரை அன்று முழுவதும் அது செல்லும். வீட்டுக் கதவு, பேருந்து, மருந்துக்கடை எல்லாம் அதைக் கேட்டுத்தான் வழிவிடும். வயதோடு இதயமும் மாறுவதால், தினமும் படித்ததைக் கொண்டு தன் பதிவைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும்.

முதல் பதிவு முகாமில் ஊசி போடுவார்கள் என்று யாரோ மிருதுளாவைப் பயமுறுத்தியிருந்தார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அன்று பதினொரு மணிக்குத் துணி காயப்போடும்போது விழுந்தாள். மருத்துவமனையில், மாலை நான்கு மணிக்கு அவள் காப்பின் விளக்கு அணைந்தது.

மறுநாள் காலை தனியாக உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் கழித்துக் காப்பு சொன்னது: இவர் சஞ்சித் அல்ல.

மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் நான் சஞ்சித் இல்லை. வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்பதால், கதவிடுக்கில் அவள் செருப்பை வைத்துவிட்டுக் கிளம்பினேன். பேருந்து ஏற்றவில்லை. பிணவறைக்கு நடந்தே போனேன். அங்கே பதிவில் கணவர் என்று சஞ்சித் பெயர் இருந்தது. அந்தப் பெயர் என்னுடையது என்று சொல்லத்தான் என்னிடம் ஒன்றுமில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருவரும் ஒற்றைப் பிள்ளைகள். திங்கள் மாலை ஐந்துக்குள் உரியவர் வராவிட்டால் அவள் உரிமை கோரப்படாத உடல். அடையாள அலுவலகமோ சனியும் ஞாயிறும் விடுமுறை. இரண்டு பகலும் பிணவறை வாசல் பெஞ்சிலேயே இருந்தேன்.

திங்களன்று அலுவலகத்தில் என் முறை வந்தபோது மணி மூன்றரை. ரெபேக்கா என்ற இளம் அதிகாரி என் பழைய பதிவைத் திரையில் விரித்துப் பார்த்தார்.

"புதுப்பிக்கும்போது யாராச்சும் உங்களத் தொட்டுட்டு இருப்பாங்களா சார்?"

"என் மனைவி. கையப் பிடிச்சுக்குவா."

"தெனமுமா?"

"தெனமும்."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். "ரெண்டு பேரோட அலையும் கலந்துருக்கு சார். இதுல இருக்கற சஞ்சித் நீங்க மட்டும் இல்ல. யாரும் தொடக்கூடாதுன்னு விதி பதினாலுல இருக்குதே, படிக்கலையா?"

விதிகள் முப்பத்தெட்டுப் பக்கம். கடைசியில் 'படித்தேன், ஏற்கிறேன்' என்று ஒரு கட்டம். நாங்கள் அதை மட்டும் தொட்டிருந்தோம்.

"புதுசாப் பதிஞ்சிருங்க. அரை மணி நேரந்தான்."

தனியறையில் உட்கார வைத்தார்கள். மறுபடி விதிகள் வந்தன. இந்த முறை நாற்பத்தொரு பக்கம். மணி நாலரை. படித்தேன், ஏற்கிறேன். காப்பு பச்சையானது. நான் சஞ்சித் ஆனேன்.

பிணவறை ஊழியர் முகிலன் இரண்டு நாளாக எனக்கு டீ வாங்கிக்கொடுத்தவர். காப்பைக் கருவியில் காட்டியதும் முகம் சுருங்கினார்.

"ஏனுங்க, உறவு யாருமே இல்லைன்னு வருதுங்களே. புதுசாப் பதியறப்ப, முந்தின பதிவு, உறவு எதுவும் எனக்கில்லைன்னு நீங்களே ஏத்துக்கிட்டிருக்கீங்க. பக்கம் இருபத்தொம்பது."

"நான் படிக்கல."

"யாருங்க படிக்கறாங்க. என் கல்யாணத்தன்னிக்குக்கூட லீவு வேண்டாம்னு நான் ஏத்துக்கிட்டேனாமா."

"என்னத் தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியாமலுங்களா. அந்தம்மா வீட்டுக்காரர் நீங்கதான்னு என் கண்ணுக்குத் தெரியுது. அத எங்கீங்க பதியறது?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அஞ்சு மணி ஆகட்டும். அதுக்கப்புறம் சேவையா யார் வேணும்னாலும் எடுத்துத் தகனம் பண்ணலாமுங்க. ஒறவா மட்டும் இருக்கக்கூடாது."

ஐந்தானது. மணிக்கட்டை நீட்டினேன். கருவி உடனே ஏற்றுக்கொண்டு, ஒரு பக்க விதிகளைக் காட்டியது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வரி விடாமல் படித்தேன். இறந்தவருக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது மூன்றாவது வரி.

படித்தேன். ஏற்கிறேன்.

எரியூட்டிவிட்டு வந்தபோது செருப்பு கதவிடுக்கில் அப்படியே இருந்தது. காப்பில் செய்தி வந்திருந்தது: முன்பின் அறியாத ஒருவருக்கு நீங்கள் செய்த சேவைக்கு நன்றி.

இப்போது நான் விதி பதினான்கை மீறுவதில்லை. காலை ஆறு பத்துக்குக் காப்பு அதிர்கிறது. சோபாவின் வலது ஓரத்தில்தான் உட்காருகிறேன்.