புளியங்கட்டையில் ஒரு புள்ளி

“எம் புள்ள எந்த மரத்தையும் வெட்டலீங்க ஐயா. மறியல் அன்னிக்கு அவன் வூட்ட வுட்டே வெளிய வர்ல.” சொல்லி முடிப்பதற்குள் கொளஞ்சியம்மாளுக்கு அழுகை முந்திக்கொண்டது.

எண்பத்தேழில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் ஓய்ந்த மறுவாரம் அது. கச்சிராயபாளையம் சாலையில் வெட்டிச் சாய்த்திருந்த புளியமரங்களை இழுத்துப்போட்டு, அப்போதுதான் மறுபடி பஸ் விட்டிருந்தார்கள். போலீஸ் இளவட்டங்களை வீடு வீடாக அள்ளிக்கொண்டிருந்தது.

அவள் தேடி வந்த காசிநாதன் போலீஸ் கைரேகைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கள்ளக்குறிச்சியில் யாருக்கும் வராத சந்தேகமெல்லாம் அவருக்கு வரும். அந்தச் சந்தேகங்களைப் படம் பிடிப்பவன் பழனி. ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு அவர் பின்னால் சுற்றுவதில் அவனுக்கு அப்படியொரு பித்து.

கூட வந்திருந்த கொழுந்தன் செல்லமுத்துதான் விவரம் சொன்னார். அண்ணன் மகன் அறிவுச்செல்வனுக்குக் கல்வராயன் மலையில் வனக்காவலர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் பட்டியலில் அடுத்தவனுக்குப் போய்விடும். இந்த நேரம் பார்த்து எவனோ துப்புக் கொடுக்க, அவன் கொல்லையில் ஒரு புளியங்கட்டையைப் போலீஸ் எடுத்து, அவனையும் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. கட்டையில் தாரால் 91 என்று எழுதியிருந்தது. நெடுஞ்சாலைத் துறை எண் போட்டிருந்த சாலை மரங்களில் வெட்டுப்பட்டவற்றில் தொண்ணூற்றொன்றாம் எண்ணும் ஒன்று.

“நம்ம புள்ளைங்களுக்கு வேல வேணும்னுதான சார் கொடி புடிச்சேன்? லத்தியடி வாங்கினேன். எங்கண்ணன் மவனக் காப்பாத்துங்க.” செல்லமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சரிதான் என்று பழனி நெகிழ்ந்துபோனான்.

காவல் நிலையத்தில் கட்டை ஓரமாகக் கிடந்தது. காசிநாதன் எண்ணுக்கு வலப்பக்கம் விரலை வைத்தார். “இது இன்னா பழனி?”

“தார் சொட்டியிருக்கு சார்.”

“சொட்டினா வழியும். இது வழியல. எண்ணோட நடு உயரத்துல, அழுத்தி வெச்ச புள்ளி.”

பிறகு சாலைக்குப் போனார்கள். மற்ற மரங்களெல்லாம் பாலத்தை ஒட்டி, வண்டி விலக வழியில்லாத இடத்தில் விழுந்திருந்தன. தொண்ணூற்றொன்று மட்டும் தள்ளியிருந்தது. அதன் பக்கத்தில் பரந்த புறம்போக்கு.

“இங்க வெட்னா லாரியே சுத்திக்கினு போயிடுமே சார்!”

“ஆமா. அப்போ மறியலுக்கு வெட்டின மரமில்ல” என்றார் காசிநாதன். வழியில் மரக்கடை ஜாபரைப் பார்த்து ஏதோ பேசிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொளஞ்சியம்மாள் வீட்டுக் கொல்லையில் எஸ்.ஐ., செல்லமுத்து, ஜாபர் எல்லோரும் நின்றார்கள். கட்டையும் வந்திருந்தது.

“பாய், இதுல இன்னா எழுதியிருக்கு?”

“தொள்ளாயிரத்துப் பத்து. நான் எழுதினதுதான் சார். எங்க அத்தா காலத்திலேர்ந்து கட்டைக்கு உருதுல நம்பர் போடறது வழக்கம்.”

எஸ்.ஐ. குனிந்து பார்த்தார். “தொண்ணூத்தொண்ணுதானே இருக்கு?”

“எண்ணெல்லாம் இந்த மண்ணுல பொறந்ததுங்க” என்றார் காசிநாதன். “அரபு தேசம் போச்சு, அங்கேர்ந்து வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு, ஊருக்கு ஊர் உருவம் மாறி நம்மகிட்டயே திரும்பி வந்துச்சு. ஒரு வயித்துப் பிள்ளைங்க இல்லையா? உருதுலயும் நம்ம பள்ளிக்கூடக் கணக்குலயும் ஒண்ணும் ஒன்பதும் இன்னும் ஒரே ஜாடை. சுழியம் மட்டும் நமக்கு வட்டம், அவங்களுக்குப் புள்ளி. அந்தக் காலத்துல இங்கயும் புள்ளிதான். இந்தப் புள்ளிதான் அந்தப் பத்துல இருக்கற சுழி. இது சாலை மரமே இல்ல.”

பழனிக்குப் புல்லரித்தது. “அப்போ அந்தத் தொண்ணூத்தொண்ணாம் மரம்?”

“கட்டையில தொண்ணூத்தொண்ணுன்னு படிச்சவன், அதுக்குப் பொருத்தமா அந்த மரத்தத் தேடிப்போய் வெட்டினான். எண் இருந்த துண்ட ஒளிச்சிட்டு, இத இங்க போட்டுட்டு, துப்பும் குடுத்தான். பாய், இத யாருக்கு வித்தீங்க?”

ஜாபர் தயங்கினார். “பொண்ணு கல்யாணத்துக்கு வெறகுன்னு செல்லமுத்துதான் சார் வாங்கிக்கினு போனாரு.”

“பட்டியல்ல அடுத்த பேரு யாருது செல்லமுத்து?”

செல்லமுத்து வெடித்தார். “எம் மவன்து! அவன் மட்டும் இன்னா பாவம் பண்ணான்? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான படிச்சானுங்க?”

இந்த ஆளுக்காகவா உருகினோம் என்று பழனிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. தசை ஆடியதாம்! ஆடியது பங்காளிக் காய்ச்சல்.

“பையன வுட்டுடலாம்மா” என்றார் எஸ்.ஐ. “ஆனா கோர்ட்டு உத்தரவு திங்கக்கிழமதான் கிடைக்கும்.”

கொளஞ்சியம்மாள் அழவில்லை. கொழுந்தன் முன்னால் போய் நின்றாள். “நம்ம புள்ளைங்களுக்கு வேல குடு, வேல குடுன்னு தெருத்தெருவாக் கத்தினியே. ஒருத்தனுக்குக் குடுத்தாங்க. அத நீயே வெட்டிச் சாச்சிட்டியே.”

ஐப்பசியில் ஒருநாள் கல்வராயன் மலை பஸ்ஸில் செல்லமுத்துவின் மகன் காக்கிச் சட்டையோடு ஏறியதைப் பழனி பார்த்தான். வழக்கு அப்பன்மேல்தானே, மகன்மேல் இல்லையே. பஸ்ஸின் மேல்கூரையில் அறிவுச்செல்வன் கூலிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.