ஆலைமடுவின் டிரவுட்

"என் மீனைத் திருடிட்டாங்க, சார்!"

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பிக்கார்டின் வாசலில் ஹெஸ்டர் நின்றாள். முழங்கால் வரை ஆற்றுச் சேறு. ஊரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள். அந்த ஹாம்ப்ஷயர் ஆற்றில் தூண்டில் போட மீன்பிடிச் சங்கத்தார் பெண்களை அனுமதித்த முதல் ஜூன் மாதம் அது.

"உக்காரும்மா. என்ன மீன்?"

"பழைய ஆலைக்குக் கீழ, ஆலைமடுல இருக்கானே, அந்தப் பெரிய டிரவுட். சாயங்காலம் ஏழு மணிக்குப் பிடிச்சேன். முட்டையிட வந்த ஆத்துப்பூச்சி, அந்த மேப்பூச்சியெல்லாம் கண்ணாடி இறக்கையோட ஆத்துல செத்து விழுந்துட்டிருந்த நேரம். தூண்டில் முள்ளுல நானே இறகால கட்டின பொய்ப்பூச்சியைக் கவ்வினான். கூடையைச் சங்கக் குடிசைக்குப் பின்னால வச்சிட்டுக் கை கழுவப் போனேன். வந்து பாத்தா கூடை காலி. சங்கத்து மேஜர் ரட்ஜ் என் மீனைத் தராசுல தொங்கவிட்டு, மத்தியானம் அவரே பிடிச்சதாச் சொல்றார்!"

உள்ளே உட்கார்ந்திருந்த பிக்கார்டின் நண்பர், தபால்காரர் டிப்பெட், அதற்குள் தொப்பியை மாட்டிவிட்டார். "மேஜரை உள்ள தள்ளிடலாம் சார்!"

"மொதல்ல மீனைப் பாப்போம்."

குடிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் மீனைச் சுற்றி நின்றார்கள்.

"ரொட்டி சுடுற கைக்கு ஆலைமடு மீனா?" என்று சிரித்தார் மேஜர். "பன்னிரண்டு மணிக்குப் பிடிச்சேன். ஈரச் சாக்குல சுத்தி வச்சிருந்தேன்."

"சாயங்காலம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் பிக்கார்ட்.

"நாலு மணியிலிருந்து இங்கதான் சீட்டாட்டம். ஒரே ஒரு தடவை சுருட்டுப் பிடிக்கப் பின்பக்கம் போனேன். எல்லாரும் சாட்சி."

பிக்கார்ட் மீனின் வாயைத் திறந்து, தொண்டையிலிருந்து ஒரு பூச்சியை மெல்ல எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தார்.

"டிப்பெட், இறக்கை என்ன நிறம்?"

"நிறமே இல்ல சார். கண்ணாடி மாதிரி இருக்கு."

"மத்தியானம் தண்ணியிலிருந்து எழும்புற மேப்பூச்சிக்கு இறக்கை புகை படிஞ்ச மாதிரி மங்கலா இருக்கும். புதர்ல உக்காந்து தோலை உரிச்சாத்தான் தெளியும். அப்புறம் ஒரு சாயங்காலம் முட்டையிட்டுட்டுச் செத்து ஆத்துல விழும். இது இன்னும் தொண்டையைத் தாண்டல, கசங்கக்கூட இல்ல. அப்படின்னா இந்த மீன் பிடிபட்டது சாயங்காலம். அந்த நேரம் மேஜர் கையில இருந்தது சீட்டு. அவரே சொன்னார். சுருட்டுப் பிடிக்கப் பின்பக்கம் போனப்பதான் இந்தம்மா கூடை கண்ணுல பட்டிருக்கு."

மேஜர் கைத்தடியை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியேறினார்.

சங்கச் செயலாளர் ஹெஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டார். ஆண்கள் பெயர்களே நிறைந்த சாதனைப் பலகையில், எல்லாவற்றுக்கும் மேலே அவள் பெயரை எழுதினார். எடை ஏழு பவுண்டு, இரண்டு அவுன்ஸ். அந்த எழுத்துகளை ஹெஸ்டர் நிதானமாக, ஒவ்வொன்றாகப் படித்தாள். தலை நிமிர்ந்தே இருந்தது.

"மடுல எந்த மூலையில எழும்பினான்?" செயலாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். குடிசை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

ஹெஸ்டர் மீனைக் கூடையில் வைத்துத் தோளில் மாட்டினாள்.

"அது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும், ஐயா."