காணாமல் போன ஜெர்சிப் பை

வேனிலிருந்து கடைசிப் பையும் இறங்கிவிட்டது. விடுதி வாசலில் வரிசையாக அடுக்கியிருந்த பைகளைக் கேப்டன் ஒருமுறை பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு வேனுக்குள் ஏறி, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து தேடினாள். இறங்கி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

“ஜெர்சிப் பையைக் காணோம்.”

தட்டை எறிந்து பிடித்து ஆடும் ஃபிரிஸ்பீ ஆட்டத்தில் கல்லூரியின் பெண்கள் அணி அது. அதிகாலையில் கிளம்பி, நாள் முழுக்க வெயிலில் வெந்து, மாலையில்தான் வந்து சேர்ந்திருந்தார்கள். மறுநாள் காலை முதல் ஆட்டம். எண் போட்ட ஒரே நிற ஜெர்சி இல்லாத அணி மைதானத்தில் கால் வைக்க முடியாது. போட்டி நடத்துகிறவர்கள் அந்த விஷயத்தில் படு கறார். போதாக்குறைக்கு, தேசிய அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்கள் வேறு வரப்போகிறார்கள்.

“கடைசியா யார் பாத்தது?” என்றார் உடற்கல்வி ஆசிரியர். அவரை எல்லோரும் வெறுமனே ‘சார்’ என்பார்கள்.

“நான்தான் சார்,” என்றாள் டாக்டர்.

அவள் டாக்டரும் இல்லை, மருத்துவம் படிப்பவளும் இல்லை. அணியின் முதலுதவிச் சாமான்களும் பெரிய ஐஸ் பெட்டியும் அவள் பொறுப்பு என்பதால் வந்த பெயர். “மத்தியானம் சாப்பிட நிறுத்தினோம்ல, எனக்குத் தலைவலி. எல்லாரும் இறங்கின பிறகும் கொஞ்ச நேரம் பின் சீட்டுல படுத்திருந்தேன். அந்தப் பையைத்தான் தலைக்கு வச்சிருந்தேன். நான் இறங்கும்போது பை சீட்டுலதான் இருந்துச்சு.”

“அதுக்கப்புறம் வேனுக்கு யார் போனது?”

 எல்லோருடைய கண்ணும் ஒரே திசையில் போனது.

கங்காரு நிமிர்ந்து பார்த்தாள். இந்த வருடம்தான் அணிக்கு வந்தவள். தலைக்கு மேல் பறக்கும் தட்டையும் எம்பிப் பிடிக்கும் அந்தத் துள்ளலைப் பார்த்து வைத்த பெயர். “தொப்பி எடுக்கப் போனேன். எடுத்துட்டு உடனே வந்துட்டேன்,” என்றாள்.

“உன்னைப் பாக்க ரெண்டு பேரு ஸ்கூட்டர்ல வந்தாங்களே, யாரு அவங்க?” சாரின் குரல் மாறியிருந்தது.

“என் பழைய காலேஜ் ஃபிரண்ட்ஸ் சார். இது என் ஊருதானே. ஊருக்குள்ள வர்றேன்னு சொன்னேன், அதான் நாம சாப்பிட்ட இடத்துக்கே தேடி வந்து பாத்துட்டுப் போனாங்க.”

“நாளைக்கு முதல் ஆட்டம் அந்தக் காலேஜோடதானே?”

கங்காருவுக்கு அப்போதுதான் புரிந்தது. 

“ஷூவைப் பாருங்க!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். கங்காருவின் வெள்ளை ஷூவின் ஓரமெல்லாம் காய்ந்த சேறு. “நம்ம யாரு ஷூலயும் சேறு இல்ல. இவ மட்டும் எங்க போய் மிதிச்சா?”

“வேனுக்குப் பின்னாடி வழுக்கிடுச்சு, அவ்வளவுதான்!”

“பாவம், அவளை விடுங்க,” என்றாள் டாக்டர் மெதுவாக. “பழைய ஃபிரண்ட்ஸ் கேட்டா இல்லேன்னு சொல்ல முடியாது. தெரியாம செஞ்சிருப்பா.”

ஒரு ஓரத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வக்கீலுக்குச் சுர்ரென்றது. ‘தெரியாம செஞ்சிருப்பா’வாம்! அப்படியென்றால் செய்தாள் என்று முடிவே ஆகிவிட்டதா?

வக்கீல் படித்தது வரலாறு. இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தவறு நடந்தால் ஆடுகிறவர்களே கை தூக்கிச் சொல்லி, ஆடுகிறவர்களே பேசித் தீர்க்க வேண்டும். அப்படிப் பேசும்போது விதிகளை நுனிநாக்கில் வைத்துக்கொண்டு எதிரணியை மடக்குவாள் என்பதால் அந்தப் பட்டம். வாய்ப்பேச்சுக்குத்தான் அவளை அணியில் வைத்திருக்கிறார்கள் என்று தோழிகள் கேலி செய்வார்கள்.

“சார், ஒரு நிமிஷம். முதல்ல எல்லார் பையையும் பாத்துடலாமே.”

பார்த்தார்கள். விடுதிக் கூடத்தின் தரையில் ஒவ்வொருத்தியும் தன் பையைக் கவிழ்த்தாள். துண்டு, சோப்பு, சார்ஜர், அழுக்குச் சாக்ஸ், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். ஜெர்சி மட்டும் இல்லை. டாக்டர்தான் முதல் ஆளாகத் தன் பையைக் கொட்டிக் காட்டினாள். பிறகு ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, “இதை ரூம்ல வச்சுட்டு வந்துடறேன்,” என்று மாடிப்படிகளில் தாவித் தாவி ஏறிப் போனாள்.

அவள் திரும்பி வந்ததும் சார் தொண்டையைச் செருமினார்.

“கங்காரு நாளைக்கு ஆட வேண்டாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க.”

முதல் கை உயர இரண்டு நொடி ஆனது. அப்புறம் ஒன்றைப் பார்த்து ஒன்றாகக் கைகள் எழுந்தன. கேப்டனின் கை கடைசியில் வந்தது, ஆனால் வந்துவிட்டது. வக்கீல் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சார் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவர் பேசியது கூடத்துக்கே கேட்டது. “உங்க பொண்ணு டீமோட சாமானைத் திருடி அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டா. வந்து கூட்டிட்டுப் போயிடுங்க... ஆமாம்மா, திருட்டுதான். வேற என்னன்னு சொல்றது?”

கங்காரு சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “எங்கம்மா டியூட்டில இருப்பாங்க,” என்று முணுமுணுத்தாள். “டியூட்டில இருக்கும்போது போய் இதைச் சொல்றாரே.”

 வக்கீல் கேப்டனிடம் போய் நின்றாள்.

“அக்கா, நீ எதுக்குக் கை தூக்கின?”

“என்னை என்னடி பண்ணச் சொல்ற? வேற யாரு எடுத்திருப்பா?”

“தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும். தெரியாதுங்கறதுக்கா கை தூக்குவாங்க?”

கேப்டன் கோபத்தில் பக்கத்திலிருந்த இரும்பு அலமாரியை ஓங்கிக் குத்தினாள். மறுநொடி கையை உதறிக்கொண்டு துள்ளினாள். விரல் மூட்டு கண்ணெதிரே புடைத்தது. “டாக்டர்! ஐஸ் கொண்டு வா, சீக்கிரம்!”

“ஐஸ் எல்லாம் எப்பவோ உருகிப் போச்சு. இந்த வெயிலுக்கு நிக்குமா?” டாக்டர் இடுப்புப் பையிலிருந்து வலி மருந்தை எடுத்து விரலில் பீய்ச்சினாள்.

வக்கீல் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதோ ஒன்று நெருடியது, என்னவென்று பிடிபடவில்லை. விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். டிரைவர் அண்ணன் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, மத்தியானம் சாப்பிட்ட இடத்துல சேறு எங்க இருந்துச்சு?”

“அங்க ஏதும்மா சேறு? கட்டாந்தரை. ஆனா சாப்பிட்டுட்டு வந்து பாக்குறேன், வண்டிக்குப் பின்னாடி மட்டும் ஈரம். ரேடியேட்டர்தான் ஒழுகுதோன்னு ஒரு நிமிஷம் பதறிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, ரேடியேட்டர் முன்னாடியில்ல இருக்கு!”

“பக்கத்துல குழாய் ஏதாவது?”

“கை கழுவுற இடம் கடைக்கு உள்ளே. வண்டி நின்னது பின்சுவரை ஒட்டி. அங்க யாரு வந்து தண்ணி ஊத்துவா?”

“பையை அங்கேயே யாராவது போட்டிருந்தா?”

“கேப்டன் பொண்ணு கேட்டுச்சுன்னு அப்பவே கடைக்காரருக்குப் போன் போட்டேன். ஆளை விட்டுச் சுத்தியும் தேடிட்டாரு. ஒண்ணும் இல்லை.”

வக்கீல் உள்ளே ஓடினாள். மத்தியானம் ஜன்னலோர மேசையில் சாப்பிட்டவர்களைத் தேடிப் பிடித்தாள். “அந்த ஸ்கூட்டர் கிளம்பினதைப் பாத்தீங்களா? பின்னாடி உக்காந்தவ கையில என்ன இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்லையே. ரோடு திரும்புற வரைக்கும் ரெண்டு கையையும் ஆட்டி டாட்டா காட்டிட்டே போனா.”

“முன்னாடி, காலுக்கிட்ட?”

“ஒண்ணுமே இல்லடி. வெறும் ஸ்கூட்டர்.”

வக்கீல் கூடத்தின் நடுவில் வந்து நின்று இரண்டு முறை கை தட்டினாள்.

“எல்லாரும் வாங்க. சார், நீங்களும்தான். பை எங்க இருக்குன்னு சொல்றேன்.”

கசமுசா அடங்கியது.

“பை ஸ்கூட்டர்ல போகல, கண்ணால பாத்தவங்க இங்கேயே இருக்காங்க. கடைப்பக்கமும் இல்லை, தேடிப் பாத்தாச்சு. அப்போ அது நம்மகூட வேன்லதான் வந்திருக்கு. எல்லாப் பையையும் கொட்டிப் பாத்தோம். ஒண்ணை மட்டும் திறக்கல. திறக்கணும்னு எனக்கும் தோணல. ஏன்னா மூடியைத் திறந்தா ஐஸ் உருகிடும்னு ஒருத்தி நம்மளை அதுக்குப் பக்கத்துலேயே விட்டதில்ல.”

டாக்டரின் கை கழுத்துப் பட்டையில் போய் நின்றது.

“காலையில அந்தப் பெட்டியை ரெண்டு பேரு சேர்ந்துதான் வேன்ல ஏத்தினாங்க. அவ்வளவு கனம். அண்ணன் பிரேக் போட்டப்போ தண்ணி தெறிச்சு சார் பேன்ட் நனைஞ்சுது. நாம எல்லாரும் சிரிச்சோம். சாயங்காலம் டாக்டர் அதையே தோள்ல மாட்டிக்கிட்டுப் படியில தாவி ஏறுறா. ஒரு சொட்டு சிந்தல. ஒரு சலசலப்புக் கேக்கல.”

“அதான் உருகிடுச்சுன்னு சொன்னேனே!” என்றாள் டாக்டர்.

“உருகினா தண்ணியாகும். தண்ணி எங்க போச்சு? அதுவும் ஐஸ் கனம்தானே கனக்கும்?”

வக்கீல் டாக்டரின் பக்கம் நேராகத் திரும்பினாள்.

“எங்க போச்சுன்னு நான் சொல்றேன். எல்லாரும் சாப்பிடப் போனதும் வேனோட பின்கதவைத் திறந்து பெட்டியைக் கவிழ்த்துட்ட. காஞ்ச தரை சேறாச்சு. அதுல மிதிச்சு வழுக்கினவதான் கங்காரு. அவளுக்கு எதிரா நீங்க காட்டின சேறு இருக்கே, அது இவ கொட்டின ஐஸ்!” வக்கீல் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.  “பை சீட்டுல இருந்துச்சுன்னு சொன்னது யாரு? இவ ஒருத்திதான். அதை நம்பி ஒரு பொண்ணைத் திருடின்னு சொல்லிட்டோம்.”

கேப்டன் மாடிக்குப் போனாள். வீங்காத கையில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்டர் குறுக்கே ஓடினாள். “திறக்காதீங்க அக்கா, உள்ளே மருந்து இருக்கு!”

மூடி திறந்தது. ஜெர்சிப் பை சுருட்டித் திணித்தபடி உள்ளே கிடந்தது.

டாக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “நாளைக்குக் காலையில நானே கண்டுபிடிச்ச மாதிரி எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆட்டம் நின்னிருக்காது. கங்காரு வர்றதுக்கு முன்னாடி மூணு வருஷமா அந்த இடத்துல ஆடினது நான். தேர்வாளர்கள் வர்ற அன்னிக்கு மட்டும் நான் வெளியே உக்காந்து தண்ணி பாட்டில் நீட்டணுமா? யாருக்கும் எந்த நஷ்டமும் வந்திருக்காது...”

“யாருக்குமா?” வக்கீல் கத்தியேவிட்டாள். “அப்போ அவ யாரு? அவ ஆள் இல்லையா?”

சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “சரி சரி, பை கிடைச்சாச்சு. ஆளாளுக்குக் கத்தாதீங்க. எல்லாரும் போய்ச் சாப்பிட்டுப் படுங்க. இது இந்தக் கூடத்தைத் தாண்டிப் போக வேண்டாம்.”

“ஏற்கனவே தாண்டியாச்சு சார்,” என்றது வாசலில் ஒரு குரல்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் சீருடை. ஒரு கையில் ஹெல்மெட். கங்காருவின் அம்மா வேலையைப் பாதியில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அம்மா அவள் முதுகைத் தடவியபடியே வக்கீலிடம், “என்னம்மா நடந்துச்சு?” என்றாள். வக்கீல் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள்; தூக்கிய கைகளையும் சேர்த்து.

அம்மா சாரைப் பார்த்தாள்.

“வண்டியில ஒரு நோயாளி இருக்கும்போது உங்க போன் வந்துச்சு.  திருட்டுன்னு சொன்னீங்க. இப்போ அந்த வார்த்தையை எல்லார் முன்னாடியும் திருப்பி எடுங்க.”

“அம்மா, ஒரு சின்னத் தப்பு...”

“எடுங்க சார்.”

சார் எடுத்தார். உங்கள் மகள் திருடவில்லை, நான் விசாரிக்காமல் பேசினேன் என்று, தரையைப் பார்த்தபடி சொன்னார். கங்காருவைப் பார்த்து இன்னொரு முறை சொல்லச் சொன்னாள் அம்மா. சொன்னார். அவருக்குப் பின்னால் கேப்டன் வந்தாள். பிறகு கை தூக்கிய ஒவ்வொருத்தியும். சிலர் அழுதார்கள். கங்காரு யாரையும் தேற்றவில்லை.

“இந்தப் பொண்ணு வீட்டுக்குப் பேசிட்டீங்களா?” அம்மா டாக்டரைக் காட்டினாள்.

சார் தயங்கினார். “படிக்கிற பொண்ணு... எதிர்காலம் இருக்கு. கொஞ்சம் யோசிச்சு, பக்குவமா...”

“என் பொண்ணுக்கு எதிர்காலம் இல்லையா? அவளுக்குன்னா விசாரிக்கறதுக்கு முன்னாடியே போன். இவளுக்குன்னா கையும் களவுமா மாட்டினப்புறமும் யோசனை. இது எந்த ஊர் நியாயம் சார்?”

சார் போனை எடுத்தார். எண்ணைத் தேடுவதுபோல் விரலை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தார். வக்கீல் அந்த விரலையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

“வேண்டாம் சார்.” டாக்டர் எழுந்தாள். முகமெல்லாம் ஈரம். “நானே பேசறேன்.”

தன் போனில் எண்ணை அழுத்தினாள். கங்காருவின் அம்மா சொன்னதால் ஸ்பீக்கரில் போட்டாளா, தானாகவே போட்டாளா என்று வக்கீலுக்குப் பிறகு நினைவில்லை. யாரும் சொல்லவில்லை என்றுதான் தோன்றியது.

“என்னடா கண்ணு, போய்ச் சேர்ந்துட்டீங்களா?” ஓர் ஆணின் உற்சாகமான குரல் கூடமெங்கும் கேட்டது. “நாளைக்கு அப்பா லீவு சொல்லிட்டேன். முதல் ஆட்டத்துக்கே வந்துடுவேன்.”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தாள்.

“நாளைக்கு நான் ஆடல அப்பா. ஏன்னு சொல்றேன். முடிக்கிற வரைக்கும் நடுவுல பேசாம கேளு.”