தொட்டிக்கு அடியில்

தொட்டித் தண்ணீரில் குளோரின் நெடி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான்கு படி இறங்கும் ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றிச் சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை. வெள்ளை அங்கியோடு மேல்படியில் நின்ற அவனுக்கு மட்டும் அந்த நெடி தொண்டைவரை இறங்கியது. பதினொரு வருடம் நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாக இருந்தவனுக்கு அது தெரியாதா?

"தண்ணியில மருந்து ஏதும் போட்டிருக்கீங்களா பாஸ்டர்?"

"கிணத்துத் தண்ணிப்பா. நேத்து சாயங்காலம் நானே மோட்டார் போட்டு நிரப்பினேன். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

இரண்டு வருடத்துக்கு முன்பு, மத்தியான இடைவேளைக்குக் குளத்தை மூடியபோது, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்க்காமலே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டான். திரும்பி வந்தபோது ஆழமான பக்கத்தில், அடியில், ஏழு வயதுப் பெண் ஒருத்தி கிடந்தாள். விரல்கள் அசைந்தன. அவன் குதிக்கவில்லை. குளத்தை மூடிய பிறகு அவள் அந்த வழியாக நுழைந்ததுபோலத் தெரியட்டும் என்று, ஓடிப்போய்ப் பின் கேட்டின் பூட்டைத் திறந்து வைத்தான். அதற்குப் பிறகுதான் கத்தினான். அதற்குள் அவள் இறந்திருந்தாள். கேட்டைப் பூட்டாமல் விட்டதாக வாட்ச்மேன் மேல் பழி விழுந்தது. அவர் இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறார்.

பாஸ்டர் முதலில் தண்ணீரில் இறங்கிக் கையை நீட்டினார். "மனசுல ஏதாவது பாக்கி இருக்காப்பா?"

"ஆண்டவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டேன் பாஸ்டர்."

"மனுஷங்ககிட்ட?"

அவன் பார்வை மனைவி பக்கம் போனது. துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண் கலங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

"ஒண்ணும் இல்ல," என்றான்.

இறங்கினான். கிணற்றுத் தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும். இதுவோ வெயிலில் நாள் முழுக்கக் கிடந்ததுபோல வெதுவெதுப்பாகக் கணுக்காலைச் சுற்றி, முழங்காலைச் சுற்றி, அங்கிக்குள் புகுந்து இடுப்புவரை ஏறியது. பாட்டுக்குக் கீழே வேறொரு சத்தம் கேட்டது, குளத்தைச் சுத்தம் செய்யும் பம்ப் இடைவிடாமல் உறுமும் சத்தம். கெண்டைக்காலில் ஏதோ உரசிப் போனது. மெல்லியதாக. முடிபோல. குனிந்து பார்த்தான். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒன்றுமில்லை.

பாஸ்டர் அவன் முதுகைத் தாங்கி, பின்னால் சாய்த்தார்.

தண்ணீர் முகத்தை மூடியது.

பாட்டு நின்றது. கண்ணைத் திறந்தான். தொட்டிச் சுவர்கள் இல்லை. நீல ஓடுகள். எட்டடி ஆழம். அடியில் அவள். மல்லாந்து. அவனையே பார்த்தபடி.

விரல்கள்.

அசைந்தன. இன்னும்.

மேலே தூக்கப்பட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். இருமி இருமிக் காற்றை இழுத்தவன், அதையே கத்தலாக வெளியே விட்டான்.

"குளத்துக் கேட்டைத் திறந்தது நான்தான்! ஜெயில்ல இருக்கிற வாட்ச்மேன் இல்ல. அந்தப் புள்ள உயிரோட இருந்தா. பார்த்துட்டுத்தான் ஓடினேன்."

கைதட்டல் அறுந்தது. மனைவி கையிலிருந்த துண்டு நழுவியது. அவள் அதை எடுக்கவில்லை. பாஸ்டரின் கை அவன் தோளை விட்டு விலகவில்லை.

"மன்னிப்பு உண்டுப்பா," என்றார். "ஆனா இப்பவே ஸ்டேஷனுக்குப் போகணும். அந்த மனுஷன் வெளிய வரணும். நானும் கூட வர்றேன்."

"வர்றேன். கொஞ்சம் இருங்க. அவ இன்னும் அடியிலதான் இருக்கா."

யாரும் தடுப்பதற்குள் மூழ்கினான். இந்த முறை கையை நீட்டினான். இரண்டு சிறிய கைகள் அவன் கழுத்தைத் தேடிப் பிடித்துக் கோத்துக்கொண்டன.

படியேறினான். முதுகில் பாரம். ஒவ்வொரு படியிலும் கூடியது. கூட்டம் வழிவிட்டது. வாசலைத் தாண்டி, சுள்ளென்று காய்ந்த வெயிலில் தெருவுக்கு வந்தான். பக்கத்தில் பாஸ்டர். கொஞ்சம் பின்னால், செருப்பைக்கூடப் போடாமல், மனைவி. அவனுடைய வலது தோளிலிருந்து மட்டும் தண்ணீர் நிற்காமல் வழிவதை அவள் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

காதோரம் ஒரு ஈரக் கன்னம். சின்ன வாய் திறந்தது. மூச்சை இழுக்கப் பார்த்தது. களக்கென்று தண்ணீர் கொப்பளித்து அவன் மார்பில் வழிந்தது.

மறுபடி திறந்தது.