தோளில் இருந்த குறி

அளத்துறை ஊரில் புதிதாகச் சந்திக்கும் இருவர் வணக்கம் சொல்வதற்கு முன்பே மணிக்கட்டை நீட்டிவிடுவார்கள். கையில் கட்டிய உறவுமானிகள் ஒன்றையொன்று தொட்டால் போதும்; இருவர் குருதியையும் ஒப்பிட்டு, எத்தனை தலைமுறைக்கு முன்னால் அவர்களின் மூதாதையர் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லிவிடும். பெண் எடுக்க, பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துவர, ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைய, எல்லாவற்றுக்கும் அதன் சொல்தான் செல்லுபடி.

நகர்மன்றத் தலைவர் தளவாய் தேர்தலில் ஜெயித்ததே அதை வைத்துத்தான். வீடு வீடாக ஏறி, மணிக்கட்டை ஒட்டி, "பாத்தீங்களா, நாம சொந்தக்காரங்க" என்று சிரித்து ஓட்டு வாங்கியவர்.

உப்பைக் குவித்துவைக்கும் பழைய கிட்டங்கியை இடித்தபோது, தரைக்கடியில் பாறையாக இறுகிய உப்புக்குள் மூன்று உடல்கள் கிடைத்தன. யாரும் எந்த மருந்தும் பூசாமல் உப்பே அவற்றைக் காத்திருந்தது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்கள் நடுவில் ஏழெட்டு வயதுச் சிறுமி. இமை மயிர்கூட உதிரவில்லை. ஆணின் நெடிய உடலையும் பெண்ணின் கழுத்தில் கிடந்த பவளத்தையும் பார்த்து, கப்பல் ஓட்டிய பெருவணிகர் குடும்பம் என்று ஊர் முடிவு கட்டியது.

தொல்லாய்வாளர் ஜெசிந்தா உடல்களில் துளித் தசை எடுத்துக் கருவியில் ஏற்றினாள். தளவாய் மணிக்கட்டை வைத்தார். ஆணும் பெண்ணும் அவருக்கு நேர் மூதாதையர் என்றது கருவி.

"எங்க பாட்டன்யா! மூக்கப் பாருங்க, அப்படியே என் மூக்கு!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். பின்னாலேயே ஊர் வரிசை கட்டியது. பாதிப் பேருக்கு அதே பதில்தான் வந்தது. மணிமண்டபம் கட்டத் தீர்மானம் போட்டார்கள்.

உப்பை முழுதும் கழுவி எடுத்த பிறகு ஜெசிந்தா அவரைத் தனியாக உள்ளே அழைத்தாள்.

"அண்ணாச்சி, தோளப் பாருங்க. சூடு போட்டிருக்காங்க. மாட்டுக்குப் போடுவாங்கல்லா, அது மாதிரி. உப்பளத்துல அடிமையா வேல பாத்தவங்க. கழுத்துல கிடக்கது பவளம் இல்ல, சுட்ட மண்ணு மணி."

"சின்னப் புள்ளைக்குமா?"

"அதுக்கும். ராத்திரி உள்ள விட்டுப் பூட்டியிருக்காங்க. உப்புக் குவியல் சரிஞ்சு மூடிட்டு. இவங்களோட இன்னொரு பிள்ளை எப்படியோ தப்பிச்சிருக்கு. அது வழியா வந்தவங்கதான் நீங்கல்லாம்."

தளவாய்க்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. வெளியே மாலையோடு நிற்கிறவர்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

"இது வெளிய தெரியணுமா?"

"அறிக்கை காலையிலயே போயிட்டு, அண்ணாச்சி."

மதியத்துக்குள் மாலைகள் குப்பைக்குப் போயின. பிடிக்காத உறவை ஒருவர் துண்டித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்திருந்தது; கருவியில் 'மறுப்பு' என்றொரு பொத்தான் உண்டு. ஊர் கதவைச் சாத்திக்கொண்டு அதை அழுத்தியது. தளவாயும் அழுத்தினார்.

அன்று மாலை அவர் மகள் செண்பகம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். நிறைமாதம். புருஷன் கப்பலில் இருந்தான், தாய் இல்லை.

"அப்பா, எல்லாரும் மறுக்காங்களாமே. நான் மாட்டேன். நீங்களும் செய்யாதீங்க, என்ன?"

"சேச்சே, நான் செய்வனா" என்றார்.

மறுநாள் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தளவாய் ஓடினார். வார்டுக் கதவில் மணிக்கட்டை வைத்தார். 'அயலார். அனுமதி இல்லை' என்றது கதவு. மறுபடி வைத்தார். அதே பதில்.

காவலுக்கு இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "காலையிலேருந்து பாதி ஊரு இப்படித்தான் நிக்கி. அந்தப் பாட்டன் உங்களுக்கு இல்லன்னா, அவரு வம்சத்துல வந்த ஒருத்தரும் உங்களுக்கு இல்லன்னு அது கணக்குப் போட்டுடுது. மறுப்ப வாபஸ் வாங்கணும்னா அந்த உடம்புங்க கிடக்க எடத்துக்குத்தான் போகணும். நீங்க யார மறுத்தீங்களோ அவங்க கையத் தொட்டு உறவு சொல்லணும்."

கண்ணாடிக்கு அப்பால் செண்பகம் பிள்ளையை மார்போடு அணைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு படியிறங்கினார்.

உடல்களை வைத்திருந்த கூடத்தில் வரிசை தெருவரை நீண்டிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் முறை வந்தது. காய்ந்த அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார்.

'இவர் உங்களுக்கு யார்?' என்று கேட்டது கருவி.

"பாட்டன்" என்று முணுமுணுத்தார்.

'கேட்கவில்லை. உரக்கச் சொல்லுங்கள்.'

"பாட்டன்!" கூடம் முழுக்கக் கேட்டது. அந்தப் பெண்ணின் கையைத் தொட்டு, "பாட்டி!" என்றார். பச்சை விளக்கு எரிந்தது. இனி ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும்.

வெளியேறும் வழியில் மூன்றாவது மேசை இருந்தது. அதன் முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. வாரிசு விடாமல் செத்த சிறுமி அவள். அவளை ஏற்றுக்கொள்வதால் எவருக்கும் ஒரு கதவும் திறக்கப் போவதில்லை. சிறிய தோளில் அந்தக் குறி மட்டும் பெரியவர்களுக்குப் போட்ட அதே அளவில் இருந்தது.

தளவாயின் கை பாதிவரை எழுந்தது. பின்னால் வந்தவர்கள் அவசரப்பட்டார்கள். அவர் தலையைக் குனிந்தபடி அவளைக் கடந்து வாசலுக்கு நடந்தார்.