கலந்து போட்ட கேள்விகள்

கன்னியப்பன் படிக்க உட்கார்ந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். காலையில் முகம் கழுவியதும் கணக்குப் பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியபடி உரக்க ஒப்பிப்பார்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் அவருக்கு வேலை. தோலைக் குழியில் போட்டுப் போட்டு எடுத்ததில் கையெல்லாம் வெடிப்பு. சோறு பிசையும்போது எரிச்சல் தாங்காமல் கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய மகள் சம்பூர்ணத்துக்கு அழுகை வரும்.

ஷாப்பு முதலாளி அப்துல் ஹமீத் சாயபு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சர்க்கார் நடத்தும் கணக்குப் பரீட்சையில் தேறினால் கன்னியப்பனுக்கு ஆபீசில் கணக்கர் வேலை. அவரும் இரண்டு முறை எழுதிவிட்டார். தேறவில்லை.

"இந்தத் தடவையும் போச்சுன்னா வேற ஆள வெச்சிடுவேன்பா" என்று சாயபு சொல்லிவிட்டார்.

அன்று மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. "சரக்கைக் கடனுக்கு வாங்கினால், சரக்குக் கணக்கில் பற்று..." இருமல் வந்து கன்னியப்பன் நிறுத்தினார்.

"விற்றவர் கணக்கில் வரவு!" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கீச்சுக்குரல் முடித்து வைத்தது.

பக்கத்து வீட்டுக் குர்ஷித்! இன்னும் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத வாண்டு.

கன்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"குர்ஷித், பற்றுன்னா இன்னா?"

"தெரியாதே! உங்கப்பா தெனம் சொல்றாரு. நானும் சொல்றேன்."

குர்ஷித்தும் ஒப்பிக்கிறாள், அப்பாவும் ஒப்பிக்கிறார். அப்படியென்றால் அப்பாவுக்கு மட்டும் புரிந்துவிட்டது என்று எப்படி நம்புவது? சம்பூர்ணம் புத்தகத்தை வாங்கி நடுவில் எங்கேயோ பிரித்தாள்.

"கேளுப்பா. ஒருத்தர் கடனுக்கு ஆவாரம்பட்டை வாங்கினாரு. மூட்டை நனைஞ்சிருந்துச்சு. திருப்பி அனுப்பிட்டாரு. எப்படி எழுதுவே?"

"அது எந்தப் பாடம்?"

"அத்தச் சொல்ல மாட்டேன்."

"பாடம் தெரியாம எப்படிம்மா சொல்றது? பரீட்சையிலயும் இதே பேஜாருதான். எது எந்தப் பாடம்னே போட மாட்டேங்கறாங்க!"

சொன்ன பிறகுதான், இரண்டு முறையும் தேறாததற்கு அதுதான் காரணம் என்று அவருக்கே உறைத்தது.

மாலையில் சம்பூர்ணம் புத்தகத்திலிருந்த கேள்விகளையெல்லாம் துண்டுத் தாள்களில் எழுதினாள். பாடத்தின் பெயரை எழுதவில்லை. எல்லாவற்றையும் முறத்தில் கொட்டிக் கலக்கினாள். அப்பா ஒன்றை எடுக்க வேண்டும். புத்தகத்தைத் தொடாமல் விடை எழுத வேண்டும். பிறகுதான் ஒத்துப் பார்க்கலாம். தப்பாக இருந்தால் தாள் மறுபடியும் முறத்துக்கே போகும்.

முதல் வாரம் படுமோசம். எடுத்ததெல்லாம் தப்பு.

"தெரிஞ்சதும் போச்சு! நல்லா கொழப்பி வுட்டே!" என்று அப்பா முறத்தைத் தள்ளினார். தாள்கள் வாசல் வரை பறந்தன.

"அவர வுட்டுடேன்டி. பரீட்சை கிட்ட வந்துடுச்சு, பழையபடியே படிக்கட்டும்" என்றாள் அம்மா ரங்கம்மாள்.

சம்பூர்ணத்துக்கும் பயம்தான். இந்த முறையும் அப்பா தேறாவிட்டால் அது தன்னால்தான் என்று ஆகிவிடுமே! ஆனாலும் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து அப்பா முன்னால் வைத்தாள்.

"இங்கயே கொழம்பிக்கப்பா. இங்க தப்புப் பண்ணா நான் மட்டும்தான் பாக்குறேன்."

கன்னியப்பன் கையை நீட்டி ஒரு தாளை எடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒப்பிக்கும் சத்தமே இல்லை. "சரக்கு யாருகிட்டேர்ந்து வந்துச்சு? யாருக்குப் போவுது?" என்ற முணுமுணுப்பு மட்டும்தான். ஒன்றும் காதில் விழவில்லை என்று குர்ஷித்துக்கு ஒரே வருத்தம்.

வேலூரில் பரீட்சை எழுதிவிட்டு வந்த அப்பாவைச் சம்பூர்ணம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னா கேட்டாங்கப்பா?"

"எல்லாத்தையும் கலந்துதான் கேட்டாங்க. ஒண்ணு மட்டும் புரியல. அத வுட்டுட்டு மத்ததெல்லாம் எழுதினேன். அப்புறம் திரும்பி வந்து யோசிச்சேன், அதுவும் புரிஞ்சிடுச்சும்மா."

சில மாதங்கள் கழித்து, பரீட்சை முடிவு வந்த சாயங்காலம் சாயபுவே வீடு தேடி வந்தார். கன்னியப்பன் பதறி எழுந்து நின்றார்.

"நாளைக்குக் குழிப் பக்கம் போவாதே கன்னியப்பா. நேரா ஆபீசுக்கு வந்துடு."

சாயபு போனதும் சம்பூர்ணம் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி எடுத்து வந்தாள். அப்பாவின் கைகளை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தடவினாள்.

"இனிமே ஆறிடும்பா" என்றாள்.