அண்ணன் அழாத சமையல்

அந்தச் சிறுமியை வீட்டில் எல்லோரும் "கேள்வி" என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் வேறு என்ன வரும்?

அம்மா பூங்காவில் தோட்டக்காரர். அன்று காலை ஒரு காகிதப் பையைச் செருப்பு அலமாரிமேல் வைத்தார். "கேள்வி, இதைத் தொடாதே. கால்சிகம்ங்கிற பூச்செடியோட கிழங்கு. நாளைக்குப் பூங்காவுல நடணும்."

"வெங்காயம் மாதிரியே இருக்கே?"

"மாதிரிதான். இலையுதிர் காலத்துல, ஒரு இலைகூட இல்லாம பூ மட்டும் வரும். ஆனா விஷம். சாப்பிட்டா ஆஸ்பத்திரிதான்."

மதியம் அப்பா வந்தார். அவர் தபால்காரர். எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. செருப்பு அலமாரிமேல் வெங்காயமா? பையைச் சமையலறை வெங்காயக் கூடையில் கவிழ்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்தார்.

மாலையில் சமையல் அண்ணனின் முறை. கேள்வி வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வந்தபோது மேசையில் சூப்பிலிருந்து ஆவி பறந்தது. அப்பா கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஆறு வெங்காயம் வெட்டினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல" என்று அண்ணன் பீற்றிக்கொண்டான்.

"ஏன் வரல?"

"ஆரம்பிச்சுட்டியா? கை பழகிடுச்சு, அவ்வளவுதான்."

"உள்ள அடுக்கடுக்கா இருந்துச்சா?"

அண்ணன் யோசித்தான். "இல்ல. உருளைக்கிழங்கு மாதிரி கெட்டியா இருந்துச்சு."

 கேள்வி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அலமாரிமேல் பை இல்லை.

"அப்பா, கரண்டியைக் கீழ வைங்க. அது வெங்காயம் இல்ல, அம்மாவோட விஷக் கிழங்கு."

அப்பாவின் கரண்டி சூப்புக்குள்ளேயே விழுந்தது.

"அண்ணா, நீ ருசி பார்த்தியா?"

"நான் என்னைக்கு ருசி பார்த்துச் சமைச்சிருக்கேன்?" என்றான் அண்ணன். முதல்முறையாக அதற்காக யாரும் அவனைத் திட்டவில்லை.

அம்மா வந்ததும் சூப்பையும் கூடையில் இருந்ததையும் ஒன்றுவிடாமல் குழிதோண்டிப் புதைத்தார். பாத்திரங்களை மூன்று முறை தேய்த்தார்கள். அப்பாவின் முகம் செத்துப்போயிருந்தது.

கேள்வி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "பைமேல ஒண்ணுமே எழுதலையே அப்பா. விலாசம் இல்லாத தபாலை நீங்க எப்படிச் சரியா சேர்ப்பீங்க?"

"அதுவும் சரிதான். எழுதாதது என் தப்பு" என்றார் அம்மா.

அப்பா கடைக்கு ஓடிப்போய்ப் புது வெங்காயம் வாங்கி வந்தார். அண்ணன் வெட்ட உட்கார்ந்தான். மூன்று பேரும் அவன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அப்புறம்தான் எல்லோரும் தட்டை எடுத்து வைத்தார்கள்.